ஐம்பத்தெட்டில் நிற்பது

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை வந்து சேர்ந்தது. பார்சலை அறைக்குக் கொண்டுவரும் வரை பொறுமை இல்லை. வழியிலேயே ஒரு மூலையைக் கிழித்து நிறத்தைப் பார்த்துவிட்டேன். போட்டுப் பார்த்தபோது தோளிலும் கை வளைவிலும் இடுப்பிலும் ஒரு சுருக்கம்கூட இல்லை. "உன் உடம்பும் என் உடம்பும் இப்போ ஒரே அளவு, இனிமே டேப்பே வேண்டாம், என் மேல போட்டுப் பாத்தா போதும்" என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு நாள் பயணத் தூரத்தில் இருந்துகொண்டு, எனக்கு அளவெடுக்காமலே தைத்திருக்கிறாய்.

நீ போனில் கேட்டதற்கு இதில் பதில் சொல்கிறேன். இந்த அறையில் நாங்கள் நான்கு பேர். மற்றவர்கள் இருக்கும்போது எனக்குக் குரல் எழும்பாது. உன் பக்கமோ பதினாறு தையல் மிஷின் ஓடும். இரண்டு பேரும் "ஆங், ஆங்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். கடிதம்தான் நமக்குச் சரி.

எண்பத்து மூன்று கிலோவிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு வரப் பதினான்கு மாதம் ஆனது. அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை எதுவும் கிடையாது. முட்டை, மீன், இறைச்சி, காய், ஒரு கைப்பிடி பாதாம். அது உனக்குத் தெரியும். இப்போது வந்திருப்பது வேறு வேலை. ஐம்பத்தெட்டிலேயே நிற்க வேண்டும். இந்தப் பேலியோ உணவு முறையை விட்டுவிட்டால் ஏறிவிடும், அதே கண்டிப்பில் இருந்தால் இன்னும் இறங்கிவிடும். அதனால் வாரத்துக்கு ஒரு பழம், ஒரு துண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று மெதுவாகச் சேர்க்கிறேன். சனிக்கிழமை காலை எடை பார்க்கிறேன். இறங்கிக்கொண்டிருந்தபோது எல்லோரும் கேட்டார்கள். ஒரே இடத்தில் நிற்கும்போது ஒருவரும் கேட்பதில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

போன முறை வந்தபோது அம்மா வைத்த தட்டை நான் தள்ளி வைத்திருக்கக் கூடாது. பையிலிருந்து என் டப்பாவை எடுத்த நேரத்தில் நீ ஒன்று சொன்னாயே, "படிச்ச பிள்ளைக்கு நம்ம வீட்டுச் சோறு இறங்கல" என்று, அது இன்னும் உள்ளே இருக்கிறது. கோபமாக இல்லை. சும்மா இருக்கிறது.

உன் தங்கை


பிப்ரவரி 19

அடி பூசணி,

இனிமே உன்னைப் பூசணின்னு கூப்பிட முடியாது போல. புடலங்காய்னு மாத்திடவா? கட்டிங் மாஸ்டர்கிட்ட கேட்டேன். "பேரை மாத்தாதே, திரும்பப் பூசணி ஆயிட்டா குழப்பம்"ங்கறார்.

நான் எழுதினா பேசற மாதிரிதான் வரும். எட்டாவதோட நிப்பாட்டினவகிட்ட இதுதான் கிடைக்கும். பொறுத்துக்கோ.

அந்தச் சோத்துப் பேச்சை விட்டுடு. அன்னைக்கு அம்மா காலையில இருந்து அடுப்பங்கரையில நின்னா. அது பொறுக்காம சொல்லிட்டேன். தப்புதான்னு வெச்சுக்கோ. பாதித் தப்பு.

ஒரு சேதி. நானும் உன்னை மாதிரி இருக்கலாம்னு பாக்கறேன். ராத்திரி சோறு நிப்பாட்டிட்டேன். பசியே எடுக்க மாட்டேங்குது. அம்மா கேட்டா "நானும் பேலியோ"ன்னு சொல்லிட்டேன். அம்மாவுக்கு அது வாயில வரல. "பெரியவளுக்கும் அந்தப் பல்லி யோகமாம்"னு பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

நீ அந்தப் பட்டியலை எழுதி அனுப்பு. என்ன திங்கணும், எவ்வளவு திங்கணும்னு. யாராவது கேட்டா காட்ட ஒரு காகிதம் வேணும்ல.

பச்சைத் துணி ஒண்ணு ஒதுக்கி வெச்சிருக்கேன். அடுத்த சட்டை அதுல.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீயும் என்னோடு சேர்ந்துகொண்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனேன், முதல் ஆளாக வெளியூருக்கு வந்தேன். செய்கிற எல்லாவற்றையும் தனியாகவே செய்து பழக்கமாகிவிட்டது. நான் செய்கிற ஒன்றை நீயும் செய்கிறாய் என்பது புதிது.

பட்டியல் இதோடு இருக்கிறது. ஒன்றைக் கவனித்துக்கொள். நீ ஏற்கனவே ஐம்பத்தெட்டு. உனக்குக் குறைக்க வேண்டியது எதுவும் இல்லை. எனவே நேராக இரண்டாம் பக்கத்துக்குப் போ. அது எடையை அப்படியே வைத்திருப்பவர்களுக்கானது. தினமும் மூன்று முட்டை, நல்ல வெண்ணெய், கிழங்கு. பசிக்காவிட்டால் கவலைப்படாதே. முதல் மாதங்களில் பசி குறைவது இயல்பு, உடம்பு பழகுகிறது என்று அர்த்தம்.

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நேற்று ஒருவருக்குப் பிறந்தநாள். கேக் வெட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். துண்டை வாங்கி, காகிதத்தில் சுற்றி, அங்கியின் பையில் வைத்துக்கொண்டேன். மாலை வரை அது அங்கேயே இருந்தது. க்ரீம் உருகிப் பையில் கறை படிந்துவிட்டது. ஒரு துண்டு தின்றால் குடியா மூழ்கும் என்று நீ கேட்பாய். எண்பத்து மூன்றாக இருந்தபோது பேருந்தில் என் பக்கத்து இடம் கடைசி வரை காலியாகவே இருக்கும். அந்தக் காலி இடம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

எடை: 58.1

உன் தங்கை


ஏப்ரல் 11

பூசணி,

பச்சைச் சட்டை இதோட வருது. பட்டன் ஒண்ணு கூடுதலா தெச்சிருக்கேன், தொலைஞ்சா தேடாதே.

உன் காகிதத்தை மிஷினுக்கு மேல ஒட்டி வெச்சிருக்கேன். எல்லாரும் வந்து படிக்கறாங்க. பட்டனுக்குக் காஜா எடுக்கற பொண்ணு அதை எழுதி வாங்கிட்டுப் போனா. மாஸ்டர் நேத்து என்னைப் பாத்து, "என்னம்மா, காலேஜ் போற பொண்ணு மாதிரி ஆயிட்டே, தங்கச்சி அக்காவா, நீ அக்காவான்னு தெரியல"ன்னார். எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இந்த வயசுல யார் இப்படிச் சொல்லுவாங்க.

கொஞ்சம் அலுப்பா இருக்கு. வெயில். அதனால கடுதாசி சின்னது.

அக்கா


ஏப்ரல் 25

அக்காவுக்கு,

பச்சைச் சட்டை எனக்குப் போதவில்லை.

முதலில் துணி சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, நான்தான் ஏறியிருக்கிறேன். மூன்றாவது பட்டனைப் போட்டால் மூச்சு விட முடியவில்லை. எடை இயந்திரம் ஐம்பத்தெட்டு என்றுதான் காட்டுகிறது. ஆனால் அதை நான் நம்பவில்லை. இயந்திரம் கெட்டுப்போகலாம், சட்டை பொய் சொல்லாது. நீ உன் மேல் போட்டுப் பார்த்துத் தைத்தது.

பழத்தை நிறுத்திவிட்டேன். கிழங்கையும். காலையில் முட்டை ஒன்றுதான். இரண்டு வாரத்தில் பச்சைச் சட்டைக்குள் நுழைந்துவிடுவேன்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருந்தால் இன்னும் மோசம். வேண்டுமென்றே சின்னதாக வெட்டினாயா? நான் இளைத்தது உனக்குப் பிடிக்கவில்லையோ என்று அவ்வப்போது தோன்றும். சின்ன வயதில் என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, "இவ என் தலகாணி" என்பாய். இப்போது நீயும் இளைத்திருக்கிறாய். எல்லோரும் உன்னைத்தான் புகழ்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நான் பதினான்கு மாதம் பட்ட பாடு உனக்கு இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைப்பானேன்.

தங்கை


மே 9

தங்கச்சிக்கு,

உன் கடுதாசியை மாஸ்டர் இருக்கும்போது பிரிச்சுட்டேன். "என்ன, மூஞ்சி செத்துப் போச்சு"ன்னார். கண்ணுல தூசின்னேன்.

நான் ஏன் உனக்குச் சின்னதா வெட்டணும்? நீ ஆறாவது படிக்கும்போது உன் பள்ளிக்கூடச் சட்டையை மூணு தடவை பிரிச்சு விட்டவ நான். அக்குள்ல கிழிஞ்சா நீ கையைத் தூக்கவே மாட்டே, டீச்சர் கேள்வி கேட்டாக்கூட. பதில் தெரிஞ்சும் தூக்க மாட்டே. அதுக்காகவே ராவோட ராவா உள்ள ஒட்டுத் துணி குடுத்துத் தெச்சேன். அந்தக் கை சின்னதா வெட்டுமா?

பச்சைச் சட்டை என் மேல சரியா நின்னுச்சு. இன்னொண்ணு தெச்சு அனுப்பறேன், வெள்ளையில நீலக் கோடு. இதுவும் என் மேல போட்டுப் பாத்ததுதான். கொஞ்சம் தொளதொளன்னே இருந்துச்சு, ரெண்டு பக்கமும் புடிச்சுட்டேன். இதுவும் பத்தலைன்னா வேற டெய்லரைப் பாத்துக்கோ.

முட்டை ஒண்ணுதான் திங்கறேன்னு எழுதாதே. எனக்கு அதைப் படிச்சா ஒரு மாதிரி ஆகுது.

அக்கா


ஜூன் 2

அக்கா,

இதைப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

கோடு போட்ட சட்டைக்குள் என் கையே முழுதாக நுழையவில்லை. நான் ஐந்து வாரம் ஒரு முட்டையில் இருந்தும் நுழையவில்லை. அறையில் என்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்குச் சட்டை பத்தலையா, சட்டைக்கு நீ பத்தலையா? கன்னம் ஒட்டிப் போச்சு உனக்கு" என்றாள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் மேடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒன்று சொல்லிக் கொடுத்தார். கணக்கு இடித்தால் முதலில் தராசைப் பார், அடுத்து மாதிரியைப் பார், கடைசியில்தான் உன்னைச் சந்தேகப்படு என்று. நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன். இன்று காலை எடை இயந்திரத்தைப் பையில் போட்டு இங்கே கொண்டுவந்தேன். இருபது லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி நிறுத்தேன். இருபது கிலோ, கூடக் கேனின் எடை. இயந்திரத்தில் குறை இல்லை. நானும் ஏறவில்லை. ஏப்ரலில் ஐம்பத்தெட்டு, இப்போது ஐம்பத்து மூன்று.

பிறகு மூன்று சட்டைகளையும் மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தேன். அளவு நாடாவால் மார்பைச் சுற்றி அளந்தேன். பிப்ரவரிச் சட்டை முப்பத்தாறு அங்குலம். பச்சை முப்பத்து மூன்று. கோடு போட்டது முப்பது.

மூன்றும் உன் மேல் சரியாக நின்றவை.

அக்கா, நான் இத்தனை நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் எடை எத்தனை? வேறு எதுவும் எழுத வேண்டாம். அந்த ஒரு எண்ணை மட்டும் எழுது.


ஜூன் 8

பூசணி,

நாப்பத்து நாலு.

எண்ணை மட்டும் எழுதுன்னு சொன்னே. எனக்கு அப்படி எழுத வராது.

தை மாசத்துல இருந்தே சாப்பாடு இறங்கல. ரெண்டு வாய் தின்னா நெஞ்சுல நிக்கும். சொன்னா உடனே ஆஸ்பத்திரிம்பாங்க. வயித்துக்குள்ள என்னமோ இருக்குன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. தெரிஞ்சதை இன்னொருத்தர் வாயால கேக்கப் பயம். அப்போ உன் பேலியோ வந்துச்சு. சோறு ஏன் திங்கலேன்னு அம்மா கேட்டா அது. ஏன் இளைச்சேன்னு கூட மிஷின் ஓட்டறவங்க கேட்டா அது. அந்த ஒரு சொல்லால எல்லாரையும் வாயடைச்சுட்டேன். உன்னையும்தான்.

சட்டை பத்தலைன்னு நீ எழுதினப்பவே எனக்குப் புரிஞ்சுது. ஆனாலும் மூணாவதையும் என் மேலயே போட்டுப் பாத்தேன். டேப்பை எடுத்தா எத்தனைன்னு தெரிஞ்சுடும்ல. அதான் எடுக்கல. என் பயத்துக்கு உன்னைப் பட்டினி போட்டுட்டேன்.

போன வாரம் மிஷின் மேலயே சாஞ்சுட்டேன். மாஸ்டர்தான் தூக்கிட்டுப் போனார். பெரிய டாக்டர் பாத்தாச்சு. முத்திப் போச்சாம். கத்தி வெச்சுப் பிரயோஜனம் இல்லையாம். அம்மாகிட்ட பாதிதான் சொல்லியிருக்கு. அவ மீதியைத் தானே கண்டுபிடிச்சுட்டா, ஆனா தெரியாத மாதிரி இருக்கா.

டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டேன். நான் உன்னை மாதிரி சாப்பிட்டதால வந்ததான்னு. இல்லைன்னு அடிச்சுச் சொன்னார். "அது ஒண்ணும் பண்ணல, நீங்க அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டீங்க"ன்னார். இதை நல்லா நெஞ்சுல எழுதிக்கோ. ராத்திரி உக்காந்து உன்னையே நீ தின்னாதே.

வா. ஆனா அந்த டப்பாவைக் கொண்டு வராதே.

அக்கா


ஆகஸ்ட் 20

பூசணி,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததுக்கு எழுதின கடுதாசி வந்துச்சு. பதில் எழுத இத்தனை நாள் ஆச்சு. இதுவும் நாலு தடவையா எழுதறேன். எழுத்து கோணினா படிச்சுக்கோ.

நீ இருந்த பத்து நாளும் என் கட்டிலுக்கு எதிர்ல உக்காந்து தட்டை வெச்சுச் சாப்பிட்டே. "எனக்குப் பதிலா நீ சாப்பிடு, நான் பாக்கறேன்"னு சொன்னதும், பிசைஞ்சு சாப்பிட்டே. சோறு. அம்மா கதவுகிட்ட நின்னு பாத்துட்டே இருந்தா. நீ கை கழுவப் போனதும் என்கிட்ட வந்து, "அவளுக்கு இறங்குதுடி"ன்னா. அன்னைக்கு நான் சொன்ன பேச்சு அம்மாவுக்கும் உள்ளயே இருந்திருக்கு.

ஊருக்குப் போய் நீ மறுபடி உன் பட்டியலை எடுத்து, ஐம்பத்தெட்டுல கொண்டு வந்து நிறுத்தியிருப்பே. எனக்குத் தெரியாதா. நல்லா இரு, அது உன் உடம்பு, உன் பாடு. குண்டா இருந்தப்ப கையைத் தூக்காத பொண்ணு இப்போ தூக்கறேன்னா, எனக்கு அது போதும்.

இதோட வர்ற சட்டை என் மேல போட்டுப் பாக்காதது. கிளம்பற அன்னைக்கு உனக்கு டேப் புடிச்சேனே, என் கை நடுங்குதுன்னு மறு முனையை நீயே புடிச்சுக்கிட்டே, அந்த அளவு. துணியை நான் புடிச்சேன், சக்கரத்தை அம்மா சுத்தினா. தையல் ரெண்டு இடத்துல கோணல். மாஸ்டர் பாத்தா மானம் போயிடும், காட்டாதே.

உள்ள ரெண்டு பக்கமும் நிறையத் துணி விட்டிருக்கேன். நீ ஏறினாலும் அதை வெச்சு ஒப்பேத்திக்கலாம். ஏறிட்டா அழாதே. பிரிச்சுக்கோ. பிளேடு வேண்டாம், கிழிச்சுடுவே. ஊசி முனையால தையலை ஒவ்வொரு கண்ணா எடு.

டேப்பையும் இதோட வெச்சிருக்கேன். எனக்கு இனிமே அளக்க எதுவும் இல்ல.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியாது. எழுதிவிட்டு அந்தச் சட்டையின் பையில் வைக்கப்போகிறேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் பழைய சட்டைகளை அம்மா என்னிடம் கொடுத்தாள், நீ நன்றாக இருந்த காலத்துச் சட்டைகள். எல்லாம் எனக்குச் சரியாக இருக்கின்றன. ஒரு நாள் உன் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். அம்மா திரும்பிப் பார்க்காமல் ஓரக்கண்ணால் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, "பெரியவளே, வந்துட்டியா" என்றாள். அப்புறம் கரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எடையை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐம்பத்தெட்டு. அலுவலகத்தில் எல்லோரும் என் கட்டுப்பாட்டைப் பாராட்டுகிறார்கள். எடையைக் குறைத்த ஒரு பெண் என்னிடம் வந்து, அதன் பிறகு அப்படியே நிற்பது எப்படி என்று யோசனைகூடக் கேட்டாள். மூன்று முட்டை, கிழங்கு, சனிக்கிழமை எடை என்று சொன்னேன். உண்மையான காரணத்தை எப்படிச் சொல்வது? உன் அளவு இந்த உலகத்தில் என் உடம்பில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. நான் ஏறினால் அதுவும் போய்விடும்.

போன மாதம் அம்மாவை இங்கே அழைத்து வந்துவிட்டேன். ஒரு சின்ன வீடு, இரண்டு அறை. டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டேன். காலையிலும் மத்தியானமும் என் பட்டியல்படி சாப்பிடுகிறேன். இரவில் அம்மா வைப்பதில் கொஞ்சம் சாப்பிடுகிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து பார்க்கிறாள், நீ பார்த்த மாதிரி.

இன்று காலை எடை அறுபத்தொன்று. நீ கடைசியாகத் தைத்த, நான் இன்னும் ஒரு முறைகூடத் துவைக்காத சட்டை கை வளைவில் பிடித்தது. சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மடித்து வைத்துவிட்டு மூன்று கிலோவைக் குறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குக் குறைக்கத் தெரியும். பிறகு ஊசியை எடுத்தேன்.

நீ சொன்னபடி ஒவ்வொரு கண்ணாகத்தான் எடுத்தேன். நூல் பிரிந்து துணி விரிந்ததும் உள்ளே உன் சாக்பீஸ் கோடுகள் தெரிந்தன. அரை அங்குலத்துக்கு ஒரு கோடு, மூன்று கோடுகள். நான் எதுவரை ஏறுவேன் என்று நீ முன்பே பார்த்து, ஒவ்வொரு இடத்திலும் எங்கே தைக்க வேண்டும் என்று போட்டு வைத்திருக்கிறாய். கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில், கோணல் எழுத்தில், "பூசணி" என்று எழுதியிருந்தது.

அதைக் கையால் தொடவில்லை. அழிந்துவிடும்.

முதல் கோட்டில் தைத்துப் போட்டுக்கொண்டேன். கையைத் தூக்கிப் பார்த்தேன். தடையில்லாமல் மேலே போனது.

உன் தங்கை